சாதா என்று எழுதிய குழாய்

மருத்துவமனையில் அவருக்குத் 'தடிப்பு மேடம்' என்று பெயர். ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. இதயத் தசை காரணமே இல்லாமல் தடித்துப்போகிற ஒரு நோய் இருக்கிறது. அது குடும்பம் குடும்பமாக இறங்கும். எந்த மரபணுவில் எந்த மாற்றம் அதைக் கொண்டுவருகிறது என்று தேடுவதுதான் அவருடைய வேலை. இருபத்தைந்து வருஷமாக அதையே தேடியதில் நோயின் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதைவிட மோசமான பெயர்களெல்லாம் பேராசிரியர்களுக்கு உண்டு என்று விட்டுவிட்டார்.

அவருடைய அப்பா நடு வயதிலேயே அலுவலக மாடிப்படியில் விழுந்து இறந்தவர். இதைக் கேள்விப்படுகிறவர்கள், "அதனாலதான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தீங்களா?" என்று உருகிப்போவார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. அவர் பூச்சிகளைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்பட்டார். அந்தப் பிரிவில் இடம் இல்லை, இங்கே ஒரு மேசை காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார். அப்பா போனது சிகரெட்டால். புகையும் கோபமும் சேர்ந்து மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார், வீடும் நம்பியது. அந்தக் காலத்தில் திடீரென்று விழுந்து செத்த யாருக்கும் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். இதை மேடமே வகுப்பில் சொல்லித்தருவார். "மாரடைப்புன்னு குடும்பத்துல சொன்னா உடனே நம்பிடாதீங்க. தோண்டிக் கேளுங்க" என்பார். தன் அப்பா விஷயத்தில் மட்டும் அவர் தோண்டவில்லை. அந்த மனுஷர் ஊதித் தள்ளியதைக் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே.

ஆய்வுக்கூடம் நாலாவது மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில். உள்ளே நுழைந்தால் குளிர்பெட்டிகளின் உறுமல், கையுறைப் பெட்டிகள், யாரோ குடித்துவிட்டு வெளியே வைத்த டீக் கோப்பைகள். நாளெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு நடக்கும் என்று நினைத்து வருகிற புது மாணவர்கள் ஒரு மாதத்தில் வாடிப்போவார்கள். சொட்டு சொட்டாக எடுத்து, சொட்டு சொட்டாக விட்டு, மறுநாள் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்து, மறுபடியும் சொட்டு சொட்டாக எடுப்பதுதான் வேலை. மேடம் தன்னுடைய முனைவர் பட்டத்தையே அப்படித்தான் வாங்கினார். மூன்று வருஷம் ஒரு மரபணுவைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபித்தார். "இல்லைன்னு சொல்லவும் ஒரு ஆள் வேணுமில்ல?" என்று அவரே கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கூடத்தில் 'சாதா' என்று ஒரு குழாய் இருந்தது. நோயாளிகளின் மரபணுவை இயந்திரத்தில் போட்டுப் படிக்கும்போது, நோய் இல்லாத ஓர் ஆளுடையதையும் கூடவே போட வேண்டும். இயந்திரம் ஒழுங்காகப் படிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. கூடம் ஆரம்பித்த புதிதில், யார் ரத்தம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மேடம்தான் கையை நீட்டினார். "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன். எடுங்க" என்றார். குழாயின் மேல் யாரோ 'சாதா' என்று எழுதி ஒட்டினார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. சரக்கு தீரும்போதெல்லாம் மேடம் கையை நீட்டுவார், அன்றைக்கு எல்லாருக்கும் அவர் செலவில் டீயும் பிஸ்கட்டும். மாணவர்கள் வந்தார்கள், போனார்கள், இயந்திரங்கள் மாறின. சாதா மட்டும் மாறவில்லை. அங்கே எந்தக் குடும்பத்தின் ரத்தம் இயந்திரத்துக்குள் போனாலும், துணைக்கு மேடத்தின் ரத்தமும் போனது.

விடை கிடைத்த குடும்பங்களை மேடம் மறந்துவிடுவார். கிடைக்காத ஒரு குடும்பம்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த வீட்டு அப்பா பேருந்து ஓட்டுநர். ஒருநாள் மதியம் வண்டியை ஓரமாக ஒதுக்கி, பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பயணிகள் களைப்பில் தூங்குகிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த வருஷமே மூத்த மகன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அவனை அறுத்துப் பார்த்தபோதுதான் இதயத் தசை தடித்திருந்தது தெரிந்தது. ஓட்டுநரின் தங்கைக்கும் அதே தடிப்பு, மாத்திரையில் காலம் தள்ளுகிறார். மிச்சம் இருந்தது இளையவன். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நோய் நினைத்தபோது தலைகாட்டும். இன்று இல்லை என்பதற்கு நாளைக்கும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. அந்தக் குடும்பத்து மரபணு மாற்றம் எது என்று தெரிந்தால், அது இளையவனிடம் இருக்கிறதா என்று ஒரே சோதனையில் சொல்லிவிடலாம். அதுதான் தெரியவில்லை.

எட்டு வருஷமாக அவன் எக்கோ எடுக்க வந்தான். கூடவே அம்மா. எல்லாரும் அவரை டிரைவரம்மா என்றார்கள். வந்ததும் வராததுமாக, "கிடைச்சுதாம்மா?" என்பார். "தேடிக்கிட்டிருக்கோம்மா" என்பார் மேடம். இளையவனுக்கு அப்பாவைப் போலப் பேருந்து ஓட்ட ஆசை. நாற்பது உயிரை ஏற்றிக்கொண்டு போகிறபோது நின்றுவிட்டால் என்ன ஆவது என்று டிரைவரம்மா விடவில்லை, அவனுக்கே துணிச்சலும் இல்லை. நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவளிடம் என்ன சொல்லிக் கட்டிக்கொள்வது என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டான். அவள் எவ்வளவு நாள்தான் காத்திருப்பாள்? வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வருகிற குடும்பங்களிடம் சொல்ல மேடம் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "இது உங்க உடம்பு, உங்க முடிவு. தெரிஞ்சுக்கணும்னா சொல்றோம், வேண்டாம்னா விட்டுடலாம். அவசரமே இல்ல." இதிலிருந்து ஒரு சொல் கூட நகரமாட்டார். ஓடாதே, குதிக்காதே, கல்யாணம் பண்ணாதே என்று ஏதாவது மாணவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார். "நாம ஜோசியரும் இல்ல, போலீசும் இல்ல. ஓடலாமா கூடாதான்னு இதய டாக்டர் பக்குவமா சொல்வார். நீங்க மூக்கை நுழைக்காதீங்க" என்று கிழித்துத் தொங்கவிடுவார்.

மேடத்துக்கு ஒரே மகள். அதே ஊரில் தனியாக அறை எடுத்து, ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிறாள். அவளுக்கு ஓட்டப் பைத்தியம். நெடுந்தூரப் பந்தயங்களில் பெயர் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "என் பொண்ணு ஓட ஆரம்பிச்சா பஸ் தோத்துடும்" என்று மேடம் கூடத்தில் பெருமையடித்துக்கொள்வார்.

ஒரு வருஷம் கூடத்துக்கு அங்கீகாரம் கொடுக்க ஒரு குழு வந்தது. எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்துவிட்டு, வேலை செய்கிறவர்களின் ரத்தத்தை ஒப்பீட்டுக்கு வைக்கக் கூடாது, அதற்கென்று விற்கிற மாதிரியைத்தான் வாங்கிப் போட வேண்டும் என்றார்கள். மேடத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் உழைத்த சாதாவுக்கு வயதாகிவிட்டது என்று மாணவர்கள் அதற்கு ஒரு பிரிவு உபசாரம் நடத்தினார்கள். மேடம் வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தார். குழாய் குளிர்பெட்டியின் அடித்தட்டுக்குப் போனது.

கூடத்துக் கணினி வேலையெல்லாம் ஒருவர் கையில் இருந்தது. அவருக்கு 'வடிகட்டி' என்று பட்டப்பெயர். இயந்திரம் கக்குகிற ஆயிரக்கணக்கான மாற்றங்களில் குப்பையைத் தள்ளிவிட்டு உருப்படியானதை மட்டும் நிறுத்தி வைக்கிற ஒரு நிரலை அவர்தான் எழுதியிருந்தார். புது ஒப்பீட்டு மாதிரி வந்ததும் அந்த நிரலுக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பழக்கி, விடை தெரியாத பழைய குடும்பங்களை மறுபடி போட்டுப் பார்த்தார். ஒருநாள் காலை மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு மேடத்தின் அறைக்குள் வந்தார்.

"மேடம், டிரைவர் குடும்பம் மாட்டிக்கிச்சு!"

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணுதான். அதில் ஒரு மாற்றம். ஓட்டுநரின் தங்கையிடம் இருக்கிறது, செத்துப்போன மூத்தவனிடமிருந்து எடுத்துவைத்த தசையில் இருக்கிறது. இளையவனிடம் இல்லை. மேடம் மேசையை ஓங்கித் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் அப்படித் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"இத்தனை வருஷம் எங்கய்யா ஒளிஞ்சிருந்துச்சு?"

"ஒளியவே இல்ல மேடம். முதல் நாள்லேர்ந்து கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் இதே மாற்றம் வந்ததால, இது நோயாளியோடது இல்ல, மெஷின் கோளாறுன்னு புரோகிராம் தள்ளிவிட்டுடுச்சு. எந்தக் குழாய்ல வந்துச்சுன்னு அது பார்க்காது. எத்தனை தடவை வந்துச்சுன்னுதான் பார்க்கும்."

"ஒவ்வொரு தடவையும்னா?"

"ஒண்ணு விடாம. வேற குடும்பங்களைப் போட்டப்பவும் வந்திருக்கு. பழைய மெஷின்லயும் வந்திருக்கு."

"இப்ப?"

"டிரைவர் குடும்பத்தைத் தவிர வேற எதுலயும் போன மாசத்துலேர்ந்து வரல. மெஷின் தானா சரியாயிடுச்சு போல" என்று சொல்லி வடிகட்டி சிரித்தார்.

மெஷின் எங்காவது தானாகச் சரியாகுமா? போன மாதம் மாறியது ஒன்றே ஒன்றுதான். மேடம் தன் இடது முழங்கையின் உட்புறத்தைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி அங்கே நிலைத்திருந்தது. வடிகட்டியும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், இது வேற ஏதாவதா இருக்கும்..."

"அடித்தட்டுல இருக்கு. எடுத்துட்டு வந்து போடுங்க" என்றார் மேடம்.

சாதா குழாயைத் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. மேடம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவை நினைத்தார். அந்த மாடிப்படியையும் நினைத்தார். பாவம் அந்தச் சிகரெட், இத்தனை காலம் குடும்பமே அதைத் திட்டித் தீர்த்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து எக்கோ அறைக்குப் போனார். ஆயிரக்கணக்கான எக்கோ அறிக்கைகளைப் படித்தவர், அந்தக் கட்டிலில் ஒருமுறை கூடப் படுத்ததில்லை. ஜெல் இவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

"என்ன மேடம், எங்க வேலையைச் சோதிக்க வந்தீங்களா?" என்று கலகலப்பாக ஆரம்பித்த இதய டாக்டர், திரையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசியில், "கொஞ்சம்தான் தடிச்சிருக்கு" என்றார்.

"கொஞ்சம்னு நோயாளிகிட்ட சொல்லுங்க. எனக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"நீங்களும் இப்ப நோயாளிதான் மேடம்" என்றார் டாக்டர் மெதுவாக.

மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒரு கூடம் சொன்னதை வேறொரு கூடமும் புது ரத்தத்தில் பார்த்து உறுதி செய்கிறவரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. மேடம் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இளையவனை வரவழைத்து, மறுபடி ஒருமுறை பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லி ரத்தம் எடுத்தார். தன்னுடையதையும் பெயருக்குப் பதில் ஓர் எண் போட்டுச் சேர்த்து வேறொரு கூடத்துக்கு அனுப்பினார். கணவரிடம் சொல்லவில்லை, அந்த மனிதர் வாயில் எதுவும் தங்காது. மகளுக்குத் தினமும் சாயங்காலம் போன் செய்தார்.

"இன்னிக்கு ஓடினியா?"

"ஓடினேனே. இன்னிக்கு பத்து கிலோமீட்டர். என்னம்மா, புதுசா அக்கறை? உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. முடிவு வருவதற்கு ஆன மூன்று வாரமும் அவருக்கு இருந்த பயத்தை என்னவென்று சொல்வது? பயந்தார், ஆனால் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் விதிக்கா பஞ்சம்?

உறுதி செய்த முடிவுகள் வந்தன. இங்கே பார்த்ததையேதான் அங்கேயும் பார்த்திருந்தார்கள். வழக்கமாகக் குடும்பங்கள்தான் அவர் அறைக்கு வரும். அன்றைக்கு அவர் வேலை முடிந்ததும் டிரைவரம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். பழைய அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவரைப் பார்த்ததும் டிரைவரம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். வீடு தேடி வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்பது அவர் கணக்கு. இளையவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மேடம் சுற்றி வளைக்கவில்லை. "கிடைச்சிடுச்சும்மா. உங்க பையன்கிட்ட அது இல்ல. இனிமேலும் வராது. எக்கோ எடுக்கக்கூட வரவேண்டாம்" என்றார்.

இளையவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அப்புறம், "அம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் ஓசையில்லை. திடீரென்று தடதடவென்று அவன் மேலே ஓடிவருகிற சத்தம் கட்டடத்தையே ஆட்டியது. டிரைவரம்மா பழக்கத்தில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார். அவன் மேலே வந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டு, மறுபடியும் இறங்கி ஓடினான்.

"எட்டு வருஷமா அவன் படியேறும்போதெல்லாம் இங்க நின்னு காதைத் தீட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் டிரைவரம்மா. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

மேடம் அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மிச்சத்தையும் சொன்னார். விடை முதல் நாளிலிருந்தே கண்ணெதிரில் இருந்ததையும், தன் ரத்தத்திலும் அதே மாற்றம் இருந்ததால் அதைக் கோளாறு என்று தள்ளிக்கொண்டே வந்ததையும், டிரைவரம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். "உங்க பையனோட எட்டு வருஷம் என்னால போச்சும்மா" என்றார்.

டிரைவரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சொந்தமா?"

"எங்கயோ ரொம்பப் பின்னால, இருக்கலாம்மா."

"சொந்தக்காரங்களை எட்டு வருஷமா வரிசையில உட்கார வச்சீங்களே" என்றார். குரலில் கோபம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? மகன் படியில் ஓடிக்கொண்டிருக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"அவளுக்கு எப்படி?"

"தெரியாது. பார்க்கல. ஆனா ரொம்ப தூரமெல்லாம் ஓடறவ."

"ஓடறாளா?" டிரைவரம்மாவின் முகம் மாறிவிட்டது. "சொல்லிட்டீங்கல்ல?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்மா, உனக்குப் புத்தி இருக்கா? என் மூத்தவன் எப்படிப் போனான்னு உனக்குத் தெரியாதா? இங்க வந்து உட்கார்ந்து கதை சொல்லிக்கிட்டிருக்கியே! எழுந்திரு. போ முதல்ல!"

எட்டு வருஷத்தில் அந்த அம்மா அவரை ஒருமையில் பேசியதில்லை. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் எதிரே வந்த இளையவன் வேர்வையோடு சிரித்தபடி ஒதுங்கி வழிவிட்டான்.

தெருவில் அலுவலகம் விட்ட கூட்டம். மகள் ஓடக் கிளம்புகிற நேரம். மேடம் ஒரு கடையின் ஓரமாக நின்று போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிறவரை அவர் தன் வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டிருந்தார். இது உன் உடம்பு, உன் முடிவு, அவசரமே இல்லை.

"சொல்லும்மா. சீக்கிரம் சொல்லு, ஷூ போட்டுக்கிட்டிருக்கேன்."

"கழட்டு."

"என்னது?"

"ஷூவைக் கழட்டுடி!" கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டார் மேடம். "எங்கயும் போகாதே. அப்படியே உட்காரு. நான் வந்துக்கிட்டிருக்கேன்."